மிச்சக் கல்லும் பழைய நிலையும்: யாருக்குக் கொடுப்பது, எதற்குக் கொடுப்பது

திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். தாத்தா காலத்து ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி வீடு கட்டி முடித்து இரண்டு மாதம் ஆகிறது. கொல்லையில் 11 மூட்டை சிமெண்ட், வாங்கியதில் மிஞ்சிய செங்கல் 1,400, பழைய சுவர்க்கல் ஒரு குவியல், 8 எம்.எம், 12 எம்.எம் துண்டுக் கம்பி, இரண்டுக்கு இரண்டு தரை டைல்ஸ் 9 பெட்டி, நாட்டு ஓடு, இரண்டு தேக்கு நிலைக்கதவு, பாதி பாதியாக நாலு டப்பா பெயின்ட், மாட்டுக்கொட்டகையில் கிடந்த 6 ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் எல்லாம் கிடக்கின்றன. மேஸ்திரி “வாய்க்கால் ஓரமாத் தட்டிட்டா முடிஞ்சுது” என்கிறார். உங்களுக்கு மனம் வரவில்லை. ஊர்ப் பள்ளியில் கழிப்பறை கட்டுகிறார்கள், அங்கே கொடுக்கலாமா, சட்டச் சிக்கல் வருமா என்று கேட்கிறீர்கள். கேள்வியை இரண்டு முறை படித்தேன். சட்டம் உங்களைப் பெரிதாக உறுத்தவில்லை என்று தோன்றுகிறது. நான் கொடுக்கிற பொருள் வாங்குகிறவருக்கு உண்மையிலேயே உதவுமா, நாளைக்கு யார் தலையிலாவது விழுமா என்பதுதான் உங்கள் கவலை. அதற்கே பதில் எழுதுகிறேன். மன்னார்குடியில் 26 வருடமாகக் கட்டடப் பொறியாளராக இருக்கிறேன். உங்கள் பொருளை நான் நேரில் பார்க்கவில்லை. அதனால் எதை உறுதியாகச் சொல்லலாம், எதைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் சொல்லலாம் என்று ஆங்காங்கே குறிப்பிடுகிறேன்.

முதலில் அவசரமானது சிமெண்ட். மற்றதெல்லாம் ஒரு மழைக்காலம் தாங்கும், சிமெண்ட் தாங்காது. மூட்டையின் பக்கவாட்டில் எந்த வாரம், எந்த ஆண்டு தயாரானது என்று அச்சிட்டிருப்பார்கள். நீங்கள் வாங்கிய தேதியை விட்டுவிட்டு அந்த வாரத்திலிருந்து எண்ணுங்கள். 3 மாதம் தாண்டிய சிமெண்டைச் சோதிக்காமல் வேலைக்கு எடுக்கக் கூடாது என்பதுதான் எங்கள் துறையின் விதி. நம் பக்கத்து ஈரக்காற்றில், அதுவும் சுவரை ஒட்டி வெறுந்தரையில் அடுக்கியிருந்தால், அதற்கு முன்பே கெடும். மூட்டையைப் பிரித்துக் கையை உள்ளே விடுங்கள், குளிர்ச்சியாக இருக்க வேண்டும். விரலிடையில் தேய்த்தால் மாவு போல வழுவழுப்பாக இருக்க வேண்டும், நறநறக்கக் கூடாது. விரலால் நசுக்கினால் உதிர்கிற சிறு கட்டி மூட்டை அடுக்கிய அழுத்தத்தில் வந்தது, அதனால் மோசமில்லை. நசுக்கியும் உதிராத கட்டி இருந்தால் அந்த மூட்டைக்குள் ஈரம் போய்விட்டது. இந்தக் கைச்சோதனை எல்லாம் கெட்டதைக் கண்டுபிடிக்கத்தான் உதவும். நல்லது என்று சான்று சொல்ல ஆய்வுக்கூடத்தில் கட்டி வார்த்து உடைத்துப் பார்த்தால்தான் முடியும். அதனால் நீங்கள் கொடுக்கிற சிமெண்டைத் தளத்துக்கோ தூணுக்கோ யாரும் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டே கொடுங்கள். தரை போட, திண்ணை பூச, நடைபாதைக்கு எல்லாம் போகலாம்.

பள்ளியில் இப்போது சிமெண்டுக்கு வேலை இல்லை என்றால் வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். நம் ஊர்களில் சிமெண்டைக் கைமாற்றாகக் கொடுப்பது புதிதில்லை. இந்த வாரம் கட்டட வேலை நடக்கிற வீடு ஒன்று தெருவில் நிச்சயம் இருக்கும். அவர்களிடம் 11 மூட்டையையும் கொடுத்துவிட்டு, பள்ளிக்குத் தேவைப்படுகிற மாதத்தில் 11 புது மூட்டையை அவர்கள் இறக்கட்டும். உங்கள் நன்கொடை கெடாமல் நிற்கும், அவர்களுக்கும் கடைக்குக் கொடுக்க வேண்டிய பணம் கொஞ்ச நாள் தள்ளிப்போகும். நான் மூன்று இடத்தில் இப்படிச் செய்து பார்த்திருக்கிறேன், மூன்றிலும் திரும்பி வந்தது. ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வது மட்டும் முக்கியம்.

செங்கல்லைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுதான் அதிகம் வீணாகிறது. ஒரு கல் ஏறக்குறைய 3 கிலோ. உங்கள் 1,400 கல்லும் சேர்ந்து 4 டன்னுக்கு மேல். அத்தனையும் ஏதோ ஒரு வயலின் மேல்மண். சூளையில் வெந்த மண்ணைத் திரும்ப வயலாக்க முடியாது. ஆற்றுமணலாவது ஒரு வெள்ளத்தில் கொஞ்சம் வரும். வெந்த மண் கல்லாகவே கிடக்கும், கல்லாகவே யாருக்காவது பயன்பட்டாக வேண்டும். டெல்டாவில் இருந்துகொண்டு நாம் இதை நினைக்காமல் இருக்க முடியாது.

புதுக்கல் 1,400 நேரடியாக எந்தச் சுவருக்கும் போகும், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. பழைய சுவர்க்கல்லைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். உங்கள் தாத்தா வீட்டுச் சுவர் மண் சாந்திலோ சுண்ணாம்புக் காரையிலோ எழும்பியிருந்தால் அது அதிர்ஷ்டம். கொத்துக்கரண்டியின் பின்பக்கத்தால் தட்டினால் காரை தகடாக உரிந்து விழும், கல் முழுசாகக் கையில் நிற்கும். சிமெண்ட் கலவையில் கட்டிய சுவரென்றால் கலவை கல்லைவிட உறுதியாக இருக்கும், தட்டினால் கல்தான் உடையும். அதைச் சுத்தம் செய்ய ஆள் வைத்துக் கூலி கொடுத்தால் புதுக்கல் விலைக்கே வந்து நிற்கும். அந்த வகையை ஜல்லியாக உடைப்பதே நியாயம்.

உரித்த கல்லில் இரண்டை மோதிப் பாருங்கள். கிண்ணென்று கேட்டால் வெந்த கல். மண்வெட்டி மண்ணில் இறங்குகிற மாதிரி மொத்தென்று கேட்டால் வேகாத கல், அது நனைகிற இடத்துக்கு ஆகாது. இன்னும் நம்பகமாகத் தெரிய வேண்டுமானால் மளிகைக்கடைத் தராசு போதும். நன்றாகக் காய்ந்த ஐந்தாறு கல்லை எடை போட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் மூழ்க வைத்து, துடைத்துவிட்டு மறுபடி எடை போடுங்கள். எடை 20 சதவீதத்துக்கு மேல் கூடக் கூடாது. 3 கிலோ கல் 3 கிலோ 600 கிராமைத் தாண்டினால் அது தண்ணீரைக் குடிக்கிற கல். இந்தச் சோதனையை ஒரு பள்ளி மைதானத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்தே செய்தேன். அவர்கள் போட்ட கணக்கை நான் திருத்த வேண்டி வரவில்லை.

உங்கள் பகுதிக்கென்று ஒரு எச்சரிக்கை உண்டு. திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கத்து மண்ணில் உவர் அதிகம். பழைய சுவரின் அடியில் இரண்டு மூன்று அடி உயரத்துக்கு உப்புப் பூத்துப் பூச்சு உதிர்ந்திருந்ததா என்று நினைத்துப் பாருங்கள். அந்த வரிசைக் கற்கள் உப்பைச் சுமந்துகொண்டே போகும். எந்த வீட்டுச் சுவரில் வைத்தாலும் இரண்டு மழையில் அங்கேயும் பூச்சைத் தள்ளிவிடும். அவற்றைத் தனியாக ஒதுக்கி நடைபாதைக்கு வையுங்கள். மேல்வரிசைக் கல் நல்லதாக இருக்கும். இன்னொன்று, அந்தக் காலத்து மெல்லிய செங்கல்லான சித்துக்கல்லாக இருந்தால் தடிமன் குறைவு. புதுக்கல்லோடு கலந்து கட்டினால் வரிசை சேராது, கொத்தனார் கலவையைத் தடிமனாக வைத்துச் சமாளிப்பார், சுவர் பலமிழக்கும். பழசைப் பழசோடு ஒரே சுவராகக் கட்ட வேண்டும். ஒரு மரத்தைச் சுற்றி மேடை, கைகழுவும் தொட்டியின் தாங்குசுவர், ஆளுயரத்துக்குக் குறைவான தோட்டச் சுவர் இதற்கெல்லாம் சித்துக்கல் போல அழகு வேறில்லை. பூசாமலே விடலாம்.

உடைந்த கல்லும் வீணில்லை. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மொட்டைமாடியில் போடுகிற சுருக்கித் தளம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மரக்கட்டையால் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து அடிப்பார்கள். இன்று அதற்கும் புதுக்கல்லை வாங்கி உடைக்கிறார்கள். நன்றாக வெந்த உடைகல் இருந்தால் அது போதும். இடிந்த கான்கிரீட்டையும் அரைத்துப் புதுக் கான்கிரீட்டில் ஓரளவு சேர்க்க இந்தியத் தர நிர்ணயம் இடம் கொடுத்திருக்கிறது. 2016-ல் வந்த ஐ.எஸ். 383 விதிப்படி கம்பி போடாத கான்கிரீட்டில் 25 சதவீதம் வரையும், எம்-25 தரத்துக்கு (எம் எண் கூடினால் கான்கிரீட்டின் வலிமை கூடும்) மேற்படாத கம்பிக் கான்கிரீட்டில் 20 சதவீதம் வரையும், எம்-15-க்குக் குறைந்த அடிமட்டக் கான்கிரீட்டில் முழுக்கவும் சேர்க்கலாம். ஆனால் அது ஆலையில் அரைத்துச் சலித்துச் சோதித்த ஜல்லிக்குச் சொன்னது. சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் அப்படி ஆலைகள் இருக்கின்றன. சம்மட்டியால் கொல்லையில் உடைத்ததை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். உங்கள் இடிபாட்டை பேஸ்மட்டம் நிரப்பப் பயன்படுத்துங்கள். ஒரு முழ உயரம் மொத்தமாகக் கொட்டி மேலே மணலைத் தூவுவது தவறு. முக்கால் அடிக்கு ஒரு அடுக்காகப் போட்டு, இடுக்கில் மணல் இறங்கத் தண்ணீர் விட்டு, இடித்துவிட்டு அடுத்த அடுக்கு. மரத்துண்டு ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது. கட்டை புதைந்த பேஸ்மட்டத்தைக் கரையான் தேடி வரும், பிறகு கதவு வரைக்கும் ஏறும்.

கம்பியில் என் தீர்ப்பு கொஞ்சம் கடுமையானது. வாங்கி மிஞ்சிய துண்டு வேறு, இடித்து எடுத்த கம்பி வேறு. இடித்து எடுத்ததைச் சுத்தியலால் நிமிர்த்தி விற்கிறார்கள், பார்க்க நேராகத்தான் இருக்கும். ஒருமுறை வளைந்து நிமிர்ந்த முறுக்குக் கம்பியின் உள்ளே எங்கே வெடிப்பு ஓடியிருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. அதைக் கட்டடத்துக்குக் கொடுக்காதீர்கள். மரக்கன்றுக்குக் கூண்டு, பந்தல் கொக்கி, அவரைக்கொடிக்குச் சட்டம் இப்படி எதற்காவது போகட்டும், இல்லையென்றால் பழைய இரும்புக்கடை. இரும்பை உருக்கினால் திரும்ப இரும்புதான். அங்கே போனால் வீண் என்று வருந்த வேண்டாம். வாங்கி மிஞ்சிய துண்டு நல்ல கம்பி. மேலே செந்நிறமாக லேசாகத் துரு பிடித்திருந்தால் கோணிச்சாக்கால் தேய்த்தால் போதும், செதில் செதிலாக உதிர்ந்தால் ஒதுக்குங்கள். 8 எம்.எம் துண்டு இரண்டரை அடி இருந்தால் முக்கால் அடித் தூணுக்கு ஒரு ரிங் வளைக்கலாம். 12 எம்.எம் துண்டை இணைத்து நீளமாக்கும் எண்ணம் வேண்டாம். ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டடி ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும், நாலடித் துண்டில் பாதி அதிலேயே போய்விடும். கழிவுநீர்க் கால்வாய் மூடிக்கு இரண்டடிச் சிலாப் வார்க்க அது சரியான நீளம். பள்ளி வாசலில் மூடியில்லாத கால்வாய் இருந்தால் உங்கள் துண்டுக் கம்பிக்கு அதைவிட நல்ல வேலை இல்லை. எடை தெரிய வேண்டுமானால் எம்.எம் அளவை அதாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 12 எம்.எம்முக்கு 0.89, 8 எம்.எம்முக்கு 0.395.

டைல்ஸைப் பற்றி எழுதும்போது எனக்கு ஒரு பிள்ளையின் முகம் வந்து நிற்கிறது. பல வருடத்துக்கு முன்னால் ஒரு பள்ளியில் கைகழுவும் இடத்துக்குத் தரை போட வேண்டியிருந்தது. பக்கத்தில் வீடு கட்டிய ஒரு பெரியவர் மிஞ்சிய டைல்ஸை ஆசையாகக் கொண்டுவந்து இறக்கினார். பளபளவென்று கண்ணாடி மாதிரி இருந்தது, தலைமையாசிரியருக்கும் பிடித்துப்போனது. நானும் நின்று பார்த்துவிட்டுச் சரி என்றேன். நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தட்டைக் கழுவப் போனவள் வழுக்கி விழுந்து முகவாய் கிழிந்தது. மூன்று தையல். எவர்சில்வர் தட்டு அந்தத் தரையில் சுழன்றுகொண்டே இருந்தது. டைல்ஸின் பேரில் தவறில்லை, கொடுத்தவர் பேரிலும் இல்லை. வரவேற்பறைத் தரைக்குச் செய்த பொருளை ஈரம் படுகிற இடத்தில் போட அனுமதித்தவன் நான். அன்றிலிருந்து இலவசமாக வருகிற பொருளைக் கடையில் வாங்குவதைவிடக் கூடுதலாகச் சந்தேகப்பட்டுத்தான் பார்க்கிறேன். ஈரம் படுகிற தரைக்குச் சொரசொரப்பான டைல்ஸ் மட்டும்தான். உங்களுடையது பளபளப்பு என்றால் கழிப்பறைத் தரைக்கு ஒரு பெட்டிகூடக் கொடுக்காதீர்கள்.

அது போக வேண்டிய இடம் வேறு. இரண்டுக்கு இரண்டு டைல்ஸ் பெட்டிக்கு 4 கல் வரும், 16 சதுர அடி. 9 பெட்டியில் ஒன்றை நீங்களே பரணில் வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு ஒரு கல் விரிசல் விட்டால் அந்த நிறம் கடையில் கிடைக்காது. பெட்டி மேல் அச்சிட்ட தொகுதி எண் மாறினாலே நிறம் மாறும். மீதி 8 பெட்டியில் 128 சதுர அடி. வெட்டுச் சேதாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு கழித்தால், பத்துக்குப் பதினொன்று அறை ஒன்றுக்குச் சரியாக வரும். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் அரசு கொடுப்பது 3.5 லட்ச ரூபாய், வீடு 360 சதுர அடி. அந்தப் பணத்தில் சுவரும் தளமும் எழும்பும்போதே குடும்பங்கள் மூச்சு வாங்கிவிடுகின்றன, தரை சிமெண்ட் பூச்சோடு நின்றுபோகிறது. உங்கள் ஊரில் அப்படி நிற்கிற வீடு எது என்று ஊராட்சி அலுவலகத்தில் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்வார்கள். உங்கள் 8 பெட்டி அங்கே ஒரு முழு அறை.

இப்போது பள்ளி. கழிப்பறை அரசுப் பணத்தில், டெண்டர் விட்டு, ஒப்பந்ததாரர் கட்டுவதாக இருந்தால் உங்கள் பொருளை அந்த வேலைக்குள் கொடுக்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல மனதோடு கொடுப்பவர்கள் திரும்பத் திரும்பச் செய்கிற தவறு இது. மதிப்பீட்டில் செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் ஏற்கெனவே பணம் ஒதுக்கியாகிவிட்டது. நீங்கள் இறக்குகிற ஒவ்வொரு கல்லும் ஒப்பந்ததாரர் வாங்காமல் விட்ட கல், பள்ளிக்குக் கூடுதலாக ஒன்றும் வராது. மேலும் அவர் பொறுப்பில் நிற்கிற கட்டடத்தில் வெளிப்பொருள் கலந்தால், பின்னால் விரிசல் வந்தபோது யாரைக் கேட்பது என்பதே குழம்பிவிடும். மதிப்பீட்டில் இல்லாத வேலை பள்ளியில் எப்போதும் இருக்கும். வாசலிலிருந்து வகுப்பறைக்குச் சேறில்லாத நடைபாதை, வேப்பமரத்துக்கு மேடை, சைக்கிள் நிறுத்தத் தரை, கால்வாய் மூடி. தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் பேசுங்கள். குழுக் கூட்டத்தில் தீர்மானம் எழுதி, எத்தனை கல், எத்தனை துண்டு என்று இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, உங்களுக்கு ஒரு கடிதம் கொடுப்பார்கள். 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டமும் ஊர்க்காரர்கள் பங்களிக்க வழி வைத்திருக்கிறது. எழுத்து இல்லாமல் இறக்கிவிட்டு வந்தால் அடுத்து வருகிற தலைமையாசிரியருக்கு அது யாருடையது என்றே தெரியாது, மூலையில் புல் முளைத்துக் கிடக்கும். அப்படிக் கிடந்த குவியலில் பாம்பு அடைந்து பள்ளி இரண்டு நாள் பயந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சட்டத்தைப் பற்றிக் கேட்டீர்கள். மிஞ்சிய பொருளைத் தானமாகக் கொடுக்க யாரும் தடுக்கவில்லை. தடை இருப்பது உங்கள் மேஸ்திரி சொன்ன யோசனைக்குத்தான். 2016-ல் வந்த கட்டுமான, இடிபாட்டுக் கழிவு மேலாண்மை விதிகள் கழிவைத் தரம்பிரித்து வைக்கச் சொன்னன, வடிகாலிலும் பொது இடத்திலும் கொட்டக் கூடாது என்றன. ஒரு நாளில் 20 டன், அல்லது ஒரு வேலையில் மாதம் 300 டன் கழிவு உண்டாக்குகிறவருக்கு மேற்கொண்டு கடமைகள் வைத்தன. அவற்றின் இடத்துக்கு 2025-ல் அறிவித்த புதிய விதிகள் 2026 ஏப்ரல் 1 முதல் என்று நாள் குறித்தன. அவை முக்கியமாக 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பெரிய கட்டுமானங்களைப் பொறுப்பாக்குகின்றன. உங்கள் வீடு அந்த அளவுக்குப் பக்கத்திலேயே வராது. ஆனால் விதியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், வாய்க்கால் ஓரம் தட்டிய நாலு லோடு ஐப்பசி மழையில் உள்ளே சரியும். கடைமடைக்குத் தண்ணீர் ஏறாது, வடியவும் வடியாது. உங்கள் பக்கத்து விவசாயி அந்தக் கல்லை மண்வெட்டியால் தோண்டி எடுக்கிறார். நம் ஊரில் கட்டடக் கழிவின் முழுக் கேடும் அதுதான்.

நாட்டு ஓட்டை யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்திருப்பீர்கள். எனக்குத் தெரிந்து உங்கள் குவியலில் உடனே ஆள் தேடி வருவது அதற்குத்தான். தேங்காய் விழுந்தும் குரங்கு ஓடியும் வருடா வருடம் ஓடு உடையும், மழைக்கு முன்னால் மாற்ற ஐம்பது நூறு ஓடு வேண்டும். அதைச் சுடுகிற குயவர்கள் இப்போது மிகக் குறைவு. ஓட்டு வீட்டில் தனியாக இருக்கிற வயதானவர்களுக்கு ஐம்பது ஓடு ஒரு மழைக்காலம். நடுவில் விரலால் தட்டி நாதம் பார்த்து, நல்லதைச் செங்குத்தாக அடுக்கி வையுங்கள், படுக்க வைத்தால் அடி ஓடு நொறுங்கும். சீமை ஓடும் (மங்களூர் ஓடு) இருந்தால் இன்னொரு பயன் உண்டு. கேரளத்தில் லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் பல பத்தாண்டுகள் செய்து காட்டியது இது. கான்கிரீட் தளத்தின் அடிப்பாதி இழுவிசை தாங்குகிற பகுதி, அங்கே வேலை செய்வது கம்பிதான், கான்கிரீட் வெறுமனே இடத்தை அடைக்கிறது. அந்த இடத்தில் கம்பிகளுக்கு நடுவே கழித்துப்போட்ட ஓடுகளை வைத்து மேலே கான்கிரீட் போடுவார். சிமெண்டும் எடையும் குறையும், வீட்டுக்குள் வெக்கையும் குறையும். இதைப் பழகிய பொறியாளர் கணக்குப் போட்டுத் தராமல் மேஸ்திரியின் தைரியத்தில் மட்டும் செய்யக் கூடாது. பழைய கதவு, ஜன்னல் கிடைத்தால் அதற்கேற்பச் சுவரில் இடம் விட்டுக் கட்டுகிற வழக்கமும் பேக்கரிடம் இருந்தது.

உங்கள் இரண்டு நிலைக்கும் அதே வழக்கம்தான் வேண்டும். நம் ஊரில் நிலை வைத்த பிறகுதான் சுவர் எழும்பும். கட்டி முடிந்த வீட்டுக்கு நிலையைக் கொண்டுபோனால் வாங்குகிறவர் சுவரை உடைப்பார், இல்லையென்றால் தேக்கை அறுத்துச் சிறிதாக்குவார், இரண்டும் பாவம். கடைக்கால் போடுகிற கட்டத்தில் இருக்கிற வீட்டுக்குத்தான் சொல்ல வேண்டும். காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் செட்டிநாட்டு நிலைகள் சுவரில் சாய்த்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அவற்றை வாங்குகிறவர்கள் நிலைக்காகவே வீட்டு வரைபடத்தை மாற்றுகிறார்கள். விற்றால் உங்களுக்கு நல்ல தொகை வரும். அந்தத் தொகையைப் பள்ளிக்குக் கொடுப்பது நிலையைக் கொடுப்பதைவிடப் பயனுள்ளதாக இருக்கலாம், அதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். தாத்தா கைபட்ட நிலை என்பதால் நான் சொல்வது சரியில்லை. அறுக்கத்தான் போகிறீர்கள் என்றால் ஆசாரியிடம் ஒரு காந்தத்தை மரத்தின் மேல் ஓடவிடச் சொல்லுங்கள். உள்ளே முறிந்த ஆணி இருந்தால் அறுவை மில்லில் ரம்பம் போகும், ஆணி மரத்தை அவர்கள் தொடவே மாட்டார்கள்.

கதவில் பழைய பெயின்ட் தடிமனாக ஏறியிருக்கும். வீட்டு பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரிலிருந்துதான் நடப்பில் இருக்கிறது. அதற்கு முன் அடித்த பெயின்ட்டில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத்தான் தேய்க்க வேண்டும். வறட்டுத் தூசி பறந்தால் குழந்தைகள் இருக்கிற இடத்தில் அது விஷம். பாதி டப்பா பெயின்ட்டைப் பள்ளிக்குக் கொடுக்க வேண்டாம், உங்கள் கொல்லைக் கதவுக்கே அடித்து முடித்துவிடுங்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை யாருக்கும் கொடுக்காதீர்கள். கேட்டு வருவார்கள், ஆட்டுக்கொட்டகைக்கு என்பார்கள், வெயிலுக்கு மறைப்பு வேண்டும் என்பார்கள். மறுப்பது கஷ்டமாகத்தான் இருக்கும். அது அறுபடும்போதும் உடையும்போதும் பறக்கிற நார் நுரையீரலுக்குள் போனால் வெளியே வருவதில்லை. எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. உடைக்காமல், துளை போடாமல், தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, தடித்த பிளாஸ்டிக் தாளில் முழுசாகச் சுற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஊராட்சிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். இதில் என்னால் முழுத் தீர்வு சொல்ல முடியவில்லை. நம் பகுதியில் தனி வீட்டிலிருந்து ஆறு ஷீட்டை வாங்கிப் பாதுகாப்பாகப் புதைக்கிற ஏற்பாடு எளிதாகக் கைக்கு எட்டுவதில்லை.

கனடாவில் வின்னிபெக் நகரில் 1991-ல் ஹேபிடாட் ஃபார் ஹியூமானிட்டி அமைப்பு மிஞ்சிய கட்டடப் பொருளை நன்கொடையாக வாங்கி மலிவாக விற்கிற முதல் கடையைத் திறந்தது. விற்ற பணம் ஏழைகளுக்கு வீடு கட்டப் போகிறது. நமக்கு அவ்வளவு பெரிய கூடாரம் இப்போதைக்கு வேண்டாம். மன்னார்குடியில் எனக்குப் பழக்கமான ஹார்டுவேர் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு நூலில் கட்டித் தொங்குகிறது. இடதுபக்கம் ‘இருக்கு’, வலதுபக்கம் ‘வேணும்’. “கடப்பாக்கல் 3, ரெண்டடிக்கு நாலடி, தெற்குத் தெரு” என்று ஒருவர் எழுதுவார், நாலு நாளில் இன்னொரு கையெழுத்தில் ‘எடுத்தாச்சு’ என்று கோடு போட்டிருக்கும். ஆணி வாங்க வருகிற மேஸ்திரிகள்தான் அதை அதிகம் படிக்கிறார்கள், எந்தத் தெருவில் எந்த வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். பொருள் வீணாவதற்குக் காரணம் பெரும்பாலும் மனசு இல்லாததில்லை. ஒருவர் கையில் மிஞ்சுகிற மாதமும் இன்னொருவருக்குத் தேவைப்படுகிற மாதமும் ஒத்துவராததுதான். உங்கள் ஊர்க் கடையில் அப்படி ஒரு நோட்டைத் தொங்கவிட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

இனிமேல் கட்டப்போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு ஒன்று. கடைசி லோடைப் பாதியாகச் சொல்லுங்கள். டைல்ஸ் வாங்கும்போதே பிரிக்காத பெட்டியைத் திரும்ப எடுப்பீர்களா, எத்தனை நாளுக்குள் என்று கேட்டுப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

உங்களுக்கு இந்த வாரம் செய்ய வேண்டியது சிமெண்டைக் கைமாற்றிவிடுவது, உப்புப் பூத்த கல்லைப் பிரிப்பது. நிலைகளின் உள்ளளவை அகலம், உயரம், மரக்கனம் என மூன்றையும் அங்குலத்தில் எழுதிப் போடுங்கள். பாமணி பக்கம் ஒரு விதவைப் பெண்மணியின் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டியிருக்கிறோம், அடுத்த பத்து நாளில் வாசல் நிலை வைக்க வேண்டும். மூன்றடிக்கு ஆறே முக்கால் என்று வரைந்திருக்கிறேன். உங்களுடையது ஒத்துவந்தால், இல்லை இரண்டு மூன்று அங்குலம் கூடக்குறைய இருந்தாலும், வாசலை மாற்றி வரைய எனக்கு அரை மணி நேரம் ஆகும்.